தகட்டுக்கு அடியில் ஒரு பெயர்

— “ஏம்ப்பா, எல்லார் வீட்டுச் சுவத்துலயும் பட்டாளத் துப்பாக்கி தொங்குது, நம்ம வீட்டுல மட்டும் ஏன் வெறும் ஆணி?” ஏழு வயசுல எங்க அப்பாகிட்ட இப்படித்தான் கேட்டேன், ஐயா.

— என்ன சொன்னாரு?

— “தொப்பி மாட்டத்தான்”னாரு. அதோட பேச்சு முடிஞ்சுது. ஃப்ரிடோலின் எல்மர்னு அவர் பேரு. எங்க ஊர் மோலிஸ்ல யாரைக் கேட்டாலும், “யாரு, துப்பாக்கியைத் தொலைச்ச எல்மரா?”ம்பாங்க. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க.

— கேட்டிருக்கேன் சலோமே அம்மா. நாப்பது வருஷம் ஆயுதக் கிடங்குல துப்பாக்கி பழுது பார்த்தவன் நான். தொலைச்சவங்க பேரை அங்க மறக்க மாட்டாங்க.

— யுத்த காலம். பத்து நாள் உள்ள வெச்சாங்க. எப்படித் தொலைஞ்சுதுன்னு கேட்டதுக்கு அப்பா வாயே திறக்கலையாம். மாத்திக் கொடுத்த துப்பாக்கியை அவர் வீட்டுக்கே கொண்டு வரலை. இந்தக் குளிர்காலத்துல போய்ச் சேர்ந்தாரு. வைக்கோல் பரணைச் சுத்தம் பண்ணப் போனா, கோணிக்குள்ள இந்தத் துப்பாக்கி. எண்ணெய் போட்டு, துணி சுத்தி, குழந்தை மாதிரி.

— அப்போ தொலைஞ்சது இதுதான்னு நினைக்கிறீங்க.

— எங்கேயோ தேடிக் கண்டுபிடிச்சிருக்காரு. வேற எப்படி? ஞாயித்துக்கிழமை எங்க ஊர் துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு நூறு வருஷம். யுத்தத்துல லின்ட் ஆத்தங்கரையில காவல் நின்னவங்க முப்பத்திரண்டு பேரோட பேரைச் சுவத்துல எழுதறாங்க. அப்பா பேரு இல்லை. செயலாளர் சொல்றாரு, “துப்பாக்கி அவரோடதுதான்னு பால்ட்ஸ் எழுதிக் கொடுக்கட்டும், சேர்த்துக்கறோம்”னு. அதான் பாசெல்ல இருந்து ரயிலேறி உங்களைத் தேடி வந்துட்டேன், பால்ட்ஸ் ஐயா.

— அவரோட பட்டாளப் புத்தகம் இருக்கா? கொடுங்க. என்ன துப்பாக்கி நம்பர் போட்டிருக்குன்னு பார்ப்போம். ம். இப்போ துப்பாக்கியில... கொஞ்சம் அந்த விளக்கை இப்படித் திருப்புங்க.

— என்ன நம்பர் தெரியுது?

— ரெண்டும் ஒண்ணு இல்லை அம்மா. முதல் இலக்கம் மட்டும்தான் ஒத்துப் போகுது.

— எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்.

— ஆறு இலக்கத்துல அஞ்சு தப்பாவா?

— ஐயா, நீங்க எழுதிக் கொடுத்தா யாரும் திருப்பிப் போட்டுப் பார்க்கப் போறதில்லை. செத்தவருக்குச் செய்யற ஒரு உதவி.

— செய்ய மாட்டேன். என் கையெழுத்தை நம்பறாங்கன்னா, இது மாதிரி எழுதாததாலதான். கோவிச்சுக்காதீங்க. உட்காருங்க. இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு. அடிக்கட்டையில இந்த இரும்புத் தகடு இருக்கில்ல, இதுக்கு அடியில, துப்பாக்கியை வெச்சிருந்தவன் பேரு எழுதி ஒரு சீட்டு செருகியிருப்பாங்க. எந்தப் பட்டாளக்காரனும் அதை எடுக்க மாட்டான்.

— அதுல அப்பா பேரு இருக்கட்டும், கடவுளே.

— திருகு ரொம்ப நாள் முந்தி ஒரே ஒரு தடவை கழட்டியிருக்கு. வந்துடுச்சு. யோஸ்ட்... யோஸ்ட் ப்ளூமர், தச்சர், மோலிஸ்.

— ப்ளூமரா? அவரு பேருதானே சுவத்துல முதல் பேரு? காவல் இடத்தை விட்டு ஒரு நாளும் நகராதவர்னு செயலாளர் வாய் ஓயாம சொன்னாரே. அவரோட துப்பாக்கி எப்படி எங்க பரண்ல? ஐயோ, இப்போ திருடன்னும் சொல்லுவாங்க.

— அவரு என் மாமனார், அம்மா.

— என்னங்க, அப்பாவைப் பத்தி என்ன பேச்சு? அக்கா, காபி எடுத்துக்கோங்க. இந்த மனுஷன் வந்தவங்களுக்கு எண்ணெய் வாசனையைத் தவிர ஒண்ணும் தர மாட்டாரு.

— ரெகுலா, இது உங்க அப்பாவோட துப்பாக்கி.

— அப்படி இருக்க முடியாது. பட்டாளத்தை விட்டு வந்தப்போ அதை அவருக்கே சொந்தமாக் கொடுத்தாங்க. அந்த வாரமே வித்துட்டேன்னாரு. காசு எங்கேன்னு அம்மா கேட்டா, தச்சுப் பட்டறைக்குப் போயிடுவாரு. ஒரு வாரம் அவருக்குச் சூப் மட்டும்தான்.

— சொந்தமாக் கொடுத்த முத்திரை இதோ இருக்கு. இரு, சீட்டுக்குப் பின்னால இன்னொரு காகிதம். மடிச்சு வெச்சிருக்கு.

— அப்பாவோட எழுத்துங்க இது. சாய்வா, பலகையில குறி போடற மாதிரி. நான் படிக்கிறேன். “ஃப்ரிடோலின், அன்னைக்கு நீ எனக்கு நீட்டினதை ஆறு கொண்டு போயிடுச்சு. எனக்காக நீ உள்ள இருந்தே. வாயும் திறக்கலை. இது உனக்கு. நீ வேண்டாம்னுவே, அதனால நீ இல்லாதப்போ வெச்சுட்டுப் போறேன். யோஸ்ட்.”

— நீட்டினதுன்னா?

— தண்ணியில போனவருக்குத் துப்பாக்கியைத்தான் நீட்டியிருக்காரு, அம்மா. ஆளைக் கரைக்கு இழுத்துட்டாரு, துப்பாக்கி நழுவிடுச்சு.

— அதைச் சொல்லியிருந்தா மெடல் கொடுத்திருப்பாங்களே. என்ன மனுஷன் இவரு.

— சொன்னா மாமனார் மாட்டியிருப்பாரு. அவருக்குக் காவல் ஆத்துக்கு அந்தப் பக்கம், நேஃபெல்ஸ்ல. உங்க அப்பாவுக்கு எதிர்க்கரை, மோலிஸ் பக்கம். பாலத்துல அதிகாரி இருப்பான்னு மாமனார் ஆத்துல இறங்கியிருக்காரு. யுத்தத்துல காவலை விட்டுப் போறது சின்னக் குத்தம் இல்லை. தொலைஞ்சது என்னைக்குன்னு தெரியுமா?

— தண்டனைத் தாள்ல இருக்கு. நாப்பத்து மூணு, மார்ச் ஒன்பது, விடியக்காலை.

— ரெகுலா, நீ போய்ப் பேரிக்காய் ரொட்டி நறுக்கிக் கொண்டு வா.

— இப்போ ரொட்டிக்கு என்ன அவசரம்?

— போயேன்.

— போகலை. நீங்க பேசுங்க.

— சரி. சலோமே அம்மா, இந்தக் காகிதம் மட்டும் போதாது. இதை நீங்களே எழுதி வெச்சதா சங்கத்துல சொல்லுவாங்க. ப்ளூமர் அன்னைக்குப் பூராவும் நேஃபெல்ஸ்ல இருந்தார்னு காவல் பதிவு சொல்லுது. அவர் மோலிஸ் கரைக்கு வந்ததைப் பார்த்த ஒருத்தர் வேணும்.

— வேண்டாம் ஐயா. விடுங்க. ரெகுலா, அழாதம்மா. உங்க அப்பா பேரை அழிச்சு எங்க அப்பா பேரை எழுதணுமா? அம்பது வருஷம் அவர் கட்டிக் காத்ததை, ஒரு சுவத்துக்காக நான் போட்டு உடைக்க மாட்டேன். ப்ளூமர் துப்பாக்கின்னு மட்டும் எழுதுங்க. சங்கத்துல அவர் படத்துக்குக் கீழ மாட்டட்டும்.

— அக்கா, உங்க அப்பாவைத் தெருவுல பார்த்தா எங்க அப்பா நின்னு தொப்பியைக் கழட்டுவாரு. பாதிரியாருக்குக்கூட அவ்வளவு செய்ய மாட்டாரு. எதுக்குன்னு எனக்கு இப்போதான் தெரியுது. எழுதுங்க, என்னங்க. முழுசா எழுதுங்க.

— உங்க அப்பா பேரு முதல் இடத்துல இருக்காது, ரெகுலா. ஒருவேளை இருக்கவே இருக்காது.

— தெரியும். உயிரோட இருந்திருந்தா, இன்னைக்கு அவரே வந்து சொல்லியிருப்பாரு. பேனாவை எடுங்க.

— படிவத்துல ‘பார்த்தவர்’னு ஒரு கோடு இருக்கு. அதுல யாரைப் போட?

— என்னைத்தான். ரொட்டி நறுக்கன்னு என்னை உள்ள அனுப்பப் பார்த்தீங்களே, அது என்ன நாள்னு உங்களுக்குத் தெரியாதா? அன்னைக்குக் காலைல அவர் ஆத்துல இறங்கி, அம்மா சொல்லுவாங்களே, சட்டை சொட்டச் சொட்ட வீட்டுக்குள்ள வந்து தூக்கினது என்னை. நான் பொறந்து ஒரு மணி நேரம்கூட ஆகலை.