விளக்குக்கு ஊற்றிய எண்ணெய்

யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ் பந்தல்குடியில் புகை கக்கி நின்றது. முன் சீட்டில் தூக்குச்சட்டியை மடியில் வைத்திருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்:

"எங்க சம்பந்தியம்மா வயித்துக்கு வைத்தியம் கொண்டு போறேன்."

"மருந்தா, அக்கா?"

"நல்லெண்ணெ. எங்க காட்டு எள்ளு, கருப்பட்டி போட்டு ஆட்டுனது. தீவாளிக்குக் குடுத்தேன். இனிப்பு வாடை அடிக்குது, கெட்டுப்போச்சுன்னு விளக்குக்கு ஊத்திட்டாக. அவுகளுக்குக் கடையில விக்கிற டின்னு வனஸ்பதி நெய்தான் ஒசத்தி."

"பெறகு?"

"தெனமும் அதுல பலகாரம். குடலு வெந்து, வயித்தக் கடுத்துக் கடுத்துப் போயிருக்கு. வைத்தியரு டின்ன நிறுத்தி, செக்கெண்ணெ அளவா சேக்கச் சொன்னாராம். இப்ப அவுகளே எங்கிட்ட ஆளு விட்டு எண்ணெ கேட்டாக."

"வந்த ஆளுகிட்டயே குடுத்திருக்கலாமே?"

அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லாருக்கே! அவுக ரெண்டு கையால வாங்குறத நான் பாக்க வேணாமா?"