எட்டாத அடுப்பு

மஞ்சக்குட்டை பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"இப்பெல்லாம் எங்கூட்டுல நான் சமைக்கிறதில்லீங்க்கா. அடுப்பு எட்டறதில்லை."

"அதெப்படி எட்டாமப் போகும்?"

"மக காலேஜ்ல படிக்கிறாளுங்க. மனுச உடம்புக்குத் தக்கன மேசை, மேடையெல்லாம் எப்படி இருக்கோணும்னு ஒரு படிப்பாம். குனிஞ்சு குனிஞ்சு உனக்கு இடுப்பே போச்சும்மான்னு, லீவுக்கு வந்தவ டேப்ப வெச்சு எங்களையெல்லாம் அளந்தா. கொத்தனாரக் கூட்டியாந்து புது அடுப்பு மேடையும் கட்டிப்போட்டா."

"அளந்துமா எட்டலை? புள்ள தப்பா அளந்துருச்சா?"

"அளவெல்லாம் சரிதானுங்க. அவங்கப்பா உசரத்துக்குக் கட்டியிருக்கா."

அந்த அக்கா மெதுவாகக் கேட்டார்.

"புள்ளைக்கு அடுத்த லீவு எப்பங்க? எங்கூட்டுக்காரரும் நல்ல உசரந்தான்."