துணி காட்டினவ

அந்த வரியை அடிச்சிடுங்க தம்பி. ஏழு பேரையும் கடல் விழுங்கிருச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதைத்தான். யாரு சொன்னா? சங்கத் தலைவரா? சரியாப் போச்சு! அவரு அப்போ பொறக்கவே இல்ல. ஊர்க் கதையைப் புத்தகமா போடுறவங்க நாலு பேரை விசாரிக்க வேணாமா?

வலை மேல உக்காராதீங்க, அந்த ஐஸ் பெட்டி மேல உக்காருங்க.

மொத மொதல்ல முப்பது குடிசைதான். துறைமுகமா? அட நீங்க வேற. எதிர்ல பூரா பாறை, நடுவுல ஒரு படகு நுழையுற அளவுக்கு வழி. படகுல இருக்கிறவனுக்கு அலைதான் தெரியும், வழி தெரியாது. அதனால மணல் மேட்டுல ஒருத்தி நின்னு துணி காட்டணும். தூக்கிக் காட்டினா உள்ள வா, கீழ விட்டா நில்லு. எங்கம்மா காட்டினா, அப்புறம் நான். படகு வந்து சேந்தா ஓட்டினவன் கெட்டிக்காரன், பாறையில இடிச்சா துணி காட்டினவ குருடி. அதுதான் எங்களுக்குக் கிடைச்ச மரியாதை. உங்க புத்தகத்துல எங்கம்மா இருக்காளா? இருக்க மாட்டா. மோட்டார் வாங்கினவன் போட்டோ மட்டும் முழுப் பக்கத்துக்கு இருக்கும்.

புயலா? அன்னிக்குப் புயலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. காலையில படகு தள்ளுறப்போ எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் சண்டை. அம்மா டவுன் ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல கெடக்கா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுறேன்னேன். துணி காட்டுறதுக்கு ஆள் வேணாமான்னு அவரே வழி மறிச்சாரு. மறிச்சுட்டு, இதெல்லாம் ஒரு வேலையாடி, கம்புல கட்டி விட்டா காத்தே ஆட்டும்னாரு. படகுல இருந்த மத்த ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது தம்பி. இன்னிக்கும் எரியுது.

மத்தியானம் படகு திரும்பி வந்து பாறைக்கு வெளிய நின்னுச்சு. வழி நல்லாத்தான் இருந்துச்சு. தூக்கிக் காட்டியிருந்தா அரை மணியில வீட்டுல உக்காந்து சோறு தின்னிருப்பாங்க.

நான் துணியைக் கீழ விட்டேன்.

கொல்றதுக்கா? ஐயோ, இல்லப்பா. ஒரு மணி நேரம் வெயில்ல கெடக்கட்டும், என் அருமை தெரியட்டும்னுதான். அதுக்குள்ள காத்து திரும்பிடுச்சு. அப்புறம் உள்ள வாங்கன்னு நான் துணியை ஆட்டின ஆட்டுக்குக் கையே கழண்டிருக்கணும். அலை படகைப் பாறை மேல தூக்கி அடிச்சுப் போட்டுருச்சு.

நாப்பது வருஷமா ஊரே என்னைப் பாவம்னு சொல்லுது. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஏன் பேனாவை மூடுறீங்க? எழுதுங்க. கடல் கொண்டு போகல.

நான் நில்லுன்னேன். ஏழு பேரும் நம்பி நின்னாங்க.