காரணம் கேட்கும் கட்டம்

அக்கா: …அதெல்லாம் சரி, இது காபி போடுமா?

சாஃப்ட்வேர்காரர்: மேடம்?

தம்பி: அவ அப்படித்தான் சார், நீங்க மேல சொல்லுங்க. புதுசா எது வந்தாலும் முதல்ல தலையில ஒரு குட்டு வைப்பா.

சாஃப்ட்வேர்காரர்: சொல்றேன் சார். இது விபத்து கேஸ் மட்டுமே பார்க்கற வக்கீல் ஆபீஸுக்குன்னே பண்ணினது மேடம். அடிபட்டவர் உங்க வாசல்ல வந்து நிக்கறதிலேருந்து நஷ்டஈடு கைக்கு வர்ற வரைக்கும் எல்லாம் ஒரே இடத்துல. ஆஸ்பத்திரி பேப்பர், போலீஸ் பேப்பர், இன்சூரன்ஸ் கடிதம்…

அக்கா: இதையேதான் போன வாரம் வந்தவரும் சொன்னார். அதுக்கு முந்தின வாரம் வந்தவரும் சொன்னார். அவங்க ரெண்டு பேரோடதும் இதைவிட விலை கம்மி.

தம்பி: அதெல்லாம் சரிப்படாதுக்கா.

அக்கா: ஏன்?

தம்பி: சரிப்படாது.

அக்கா: அதான் ஏன்னு கேக்கறேன்.

தம்பி: நம்ம ஆபீஸ் லட்சணம் உனக்கே தெரியும். கை உடைஞ்சவர் ஃபைல்ல வேற யாரோட எக்ஸ்ரேயோ இருக்கு. நேத்து ஒருத்தர் ஃபோன் பண்ணி, 'எனக்கு இடுப்புங்க, நீங்க முழங்கால்னு போட்டிருக்கீங்க, நான் எதைப் பிடிச்சுக்கிட்டு கோர்ட்டுக்கு வரணும்'னு கேக்கறார்.

அக்கா: அது நீ மாத்தி வெச்சது.

தம்பி: நான்தான் மாத்தி வெச்சேன். அதனாலதான் சொல்றேன். இனிமே மனுஷனை நம்ப வேண்டாம். முக்கியமா என்னை.

சாஃப்ட்வேர்காரர்: சார் அப்படியெல்லாம் சொல்லாதீங்க. கேஸ் மலை மாதிரி குவிஞ்சா யாருக்கும் நடக்கறதுதான். இதைப் பாருங்க மேடம், கட்சிக்காரங்களுக்கு மாசா மாசம் தானாவே ஒரு மெசேஜ் போகும். 'வலி எப்படி இருக்கு'ன்னு.

அக்கா: வலி தாங்கலைன்னு பதில் வந்தா?

சாஃப்ட்வேர்காரர்: அது… 'உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது'ன்னு போகும்.

அக்கா: நல்லா ஆறுதலா இருக்கும்.

தம்பி: அக்கா, பாவம், விடு அவரை.

சாஃப்ட்வேர்காரர்: பரவாயில்லை சார். அதை நிறுத்தி வெச்சுக்கலாம் மேடம். அடுத்தது கெடு தேதி. விபத்து நடந்து இத்தனை காலத்துக்குள்ள கேஸ் போட்டாகணும்னு இருக்கில்லையா, அந்தத் தேதி நெருங்க நெருங்க இது நச்சரிக்க ஆரம்பிச்சுடும். ஒரு நாள்கூடத் தவறாது.

அக்கா: கெடு முடியற அன்னிக்கே வர்றவங்களை என்ன பண்ணும்?

சாஃப்ட்வேர்காரர்: அன்னிக்கேவா? அப்படியும் வருவாங்களா?

அக்கா: வருவாங்க. வேற ஏதோ ஒரு வக்கீல் பேப்பரை வாங்கி வெச்சுக்கிட்டு 'இதோ அதோ'ன்னு இழுத்தடிச்சிருப்பார். கடைசி நாள் மத்தியானம் பையைத் தூக்கிக்கிட்டு நம்மகிட்ட வந்து நிப்பாங்க. இந்த ஜன்னலுக்குத் திரை தைச்சுக் குடுத்தாங்களே, அந்த அம்மா அப்படி வந்தவங்கதான்.

தம்பி: அது எதுக்கு இப்போ?

அக்கா: அவர் கேட்டார், சொன்னேன்.

சாஃப்ட்வேர்காரர்: நல்லா தைச்சிருக்காங்க மேடம்.

அக்கா: ஒரே காலை வெச்சுக்கிட்டு தைச்சது. நஷ்டஈடு வந்ததும் முதல்ல வாங்கினதே மோட்டார் வெச்ச தையல் மெஷின்தான். ரெண்டாவது வேலை இந்தத் திரை.

தம்பி: வெளுத்து சாயமே போயிடுச்சு சார். மாத்துன்னா கேக்க மாட்டா.

அக்கா: வெயிலை மறைக்குதில்ல, அப்புறம் என்ன.

சாஃப்ட்வேர்காரர்: அடுத்து கையெழுத்து. இனிமே மேடம் கை வலிக்க உக்காரவே வேண்டாம். ஒரு தடவை சரின்னு அழுத்தினா, இருக்கற எல்லா மனுவுலயும் உங்க கையெழுத்து விழுந்துடும்.

அக்கா: அது வேண்டாம்.

தம்பி: இவளுக்கு அது தேவையே இல்லை சார். இவளே ஒரு மெஷின்தான். கட்டு கட்டா கொண்டுவந்து வெச்சா, தலை நிமிராம போட்டுக்கிட்டே போவா. ஒரு நாள் விளையாட்டுக்கு நடுவுல ஓட்டல் பில்லை சொருகி வெச்சேன். அதுலயும் போட்டுட்டா.

அக்கா: அது ஓட்டல் பில்லுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். நீ சிரிக்கணும்னு.

தம்பி: ஆமாமா, அப்படியே சொல்லித் தப்பிச்சுக்கோ.

சாஃப்ட்வேர்காரர்: இப்போ சார் ரொம்ப முக்கியம்னு சொன்ன ஒண்ணு இருக்கு, அதைக் காட்டிடறேன். புதுசா ஒரு கேஸ் வரும்போது எதிர்த்தரப்பு பேரைப் போட்டா, அவர் ஏற்கெனவே உங்க கட்சிக்காரரா, இல்ல உங்க ஆபீஸ்ல யாருக்காவது வேண்டியவரான்னு இது தேடும். நம்ம ஆள் மேல நாமளே கேஸ் போட்டுடக் கூடாதில்லையா?

அக்கா: இப்போ அதை வராந்தாவுல நின்னு கத்திக் கேக்கறோம். 'இந்தப் பேர் யாருக்காவது தெரியுமா'ன்னு. தெரிஞ்சவங்க கை தூக்குவாங்க. சிக்கல்னா அந்த கேஸை வேற வக்கீலுக்கு அனுப்பிடுவோம்.

தம்பி: கத்த வேண்டியவன் கத்தலைன்னா? ஓடற ஓட்டத்துல மறந்துட்டான்னா?

சாஃப்ட்வேர்காரர்: அதுக்குத்தான் சார் இது. சாம்பிளுக்கு நீங்க அனுப்பின விவரமெல்லாம் ஏத்தி வெச்சிருக்கேன். ஒரு பேர் சொல்லுங்க, தேடிக் காட்டறேன்.

தம்பி: டிரைவிங் ஸ்கூல்னு அடிங்க.

அக்கா: வேற பேரே கிடைக்கலையா உனக்கு?

தம்பி: நீங்க அடிங்க சார்.

சாஃப்ட்வேர்காரர்: இதோ… சிவப்பு காட்டுது பாருங்க மேடம். டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர்… உறவு… 'தலைமை வக்கீலுக்கு நிச்சயம் செய்யப்பட்டவர்.' ஓ! மேடம், வாழ்த்துகள்.

தம்பி: சார், அது வந்து… அது பழைய…

அக்கா: பரவாயில்லை. நன்றி.

சாஃப்ட்வேர்காரர்: ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?

அக்கா: இல்லை. சிவப்பு வந்ததும் அவ்வளவுதானா? அதுக்கு மேல போகாதா?

சாஃப்ட்வேர்காரர்: தானா போகாது. 'இருந்தாலும் தொடர்க'ன்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்தினா ஒரு கட்டம் வந்து காரணம் கேக்கும். எழுதினாத்தான் விடும். இருங்க, அதையும்… மன்னிக்கணும் மேடம், எங்க மேனேஜர் கூப்பிடறார்.

அக்கா: வெளியில போய் நிதானமா பேசிட்டு வாங்க. இங்க சிக்னல் விட்டு விட்டு வரும்.

தம்பி: கதவைச் சாத்திட்டுப் போங்க சார்.

அக்கா: மத்த ரெண்டும் சரிப்படாதுன்னது இதுக்குத்தானா?

தம்பி: அதுங்க கட்சிக்காரங்க பேரை மட்டும்தான் தேடுது. நம்ம வீட்டு மனுஷங்களைத் தேடறதில்லை. அந்த கேஸ் வந்த அன்னிக்கு விவரம் எப்படி இருந்துதோ அப்படியே ரெண்டுலயும் போட்டுப் பார்த்தேன். விட்டுடுச்சு. இது ஒண்ணுதான் பிடிச்சுது.

அக்கா: பிடிச்சு என்ன பண்ண. அவர் பையன் ஸ்கூலுக்குப் போறான்.

தம்பி: பார்த்தியா?

அக்கா: ரோட்டு சிக்னல்ல. அவர் வண்டி பக்கத்துல வந்து நின்னுது. பின் சீட்டுல பையன், புத்தகப் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. அவரும் பார்த்தார். லேசா தலையசைச்சார். நானும் அசைக்கறதுக்குள்ள பச்சை விழுந்துடுச்சு.

தம்பி: நான் மட்டும் அன்னிக்கு ஒரு தடவை கத்தியிருந்தா…

அக்கா: ஆரம்பிச்சுட்டியா.

தம்பி: திரை தைச்ச அந்த அம்மா சொல்லச் சொல்ல எழுதினவனே நான்தானேக்கா. பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தேன், கார் மேல ஏறிடுச்சுன்னாங்க. டிரைவிங் ஸ்கூல் கார்னாங்க. 'ரெண்டு பிரேக் இருக்குமே அதுல, ஒண்ணுகூடவா வேலை செய்யலை'ன்னு கேட்டு சிரிச்சேன்கூட. கீழ ஓனர் பேரை என் கையாலதான் எழுதினேன். அடுத்த மாசம் எனக்கு அத்தானா வரப்போறவர் பேரு. மண்டைக்கு ஏறவே இல்லை.

அக்கா: எப்படி ஏறும்? சாயங்காலம் கோர்ட் மூடறதுக்குள்ள அந்தக் கட்டு மொத்தமும் போயாகணும். நீ காலையிலேருந்து தண்ணிகூடக் குடிக்கலை.

தம்பி: தெரிஞ்சிருந்தா வேற வக்கீல்கிட்ட அனுப்பியிருக்கலாம்.

அக்கா: கெடு முடியற சாயங்காலம் எந்த வக்கீல் வாங்குவார்? அவங்களை மூணு பேர் திருப்பி அனுப்பினதாலதான் நம்மகிட்டயே வந்தாங்க.

தம்பி: இருந்தாலும்…

அக்கா: அவரும்தான் அந்த விபத்தைப் பத்தி என்கிட்ட வாயே திறக்கலை. எங்க நிச்சயத்துக்கு முன்னாடி நடந்தது, இன்சூரன்ஸ்காரங்க அப்பவே முடிச்சிருப்பாங்கன்னு இருந்துட்டாராம். எல்லாரும் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லலை. விடு.

தம்பி: கோர்ட் நோட்டீஸ் கைக்கு வந்ததும் உனக்கு ஃபோன் பண்ணினாரே. 'கையெழுத்து போடும்போது என் பேரைப் பார்த்தீங்களா'ன்னு கேட்டாராமே. நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?

அக்கா: ஃபோன்ல சொல்ற விஷயமாடா அது. 'நாளைக்கு நேர்ல வந்து சொல்றேன்'னேன். 'சரி, வாங்க'ன்னார். குரல்ல கோபம்கூட இல்லை. 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டுட்டுத்தான் வெச்சார்.

தம்பி: போனியா?

அக்கா: கிளம்பினேன். என்ன பேசறதுன்னு கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகையெல்லாம் பார்த்துக்கிட்டு… வாசல்ல செருப்பு மாட்டும்போது மெசேஜ் வந்துது. 'வர வேண்டாம். தெரிஞ்சுக்கிட்டேன்'னு. என்ன தெரிஞ்சுக்கிட்டார்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

தம்பி: …எனக்குத் தெரியும்.

அக்கா: என்ன?

தம்பி: அன்னிக்குக் காலையில உனக்கு முன்னாடி நான் அங்க போயிருந்தேன்.

அக்கா: நீயா?

தம்பி: முந்தின நாள் சாயங்காலம் அவரோட அம்மா எனக்கு ஃபோன் பண்ணினாங்க. 'உங்க அக்கா தெரிஞ்சே போட்டிருந்தா வக்கீல் சங்கத்துல புகார் குடுக்காம விட மாட்டேன், அப்புறம் அவ கறுப்புக் கோட்டை மடிச்சு வெச்சுட வேண்டியதுதான்'னாங்க. பயந்துட்டேன். நீ படிச்சு முடிக்க நம்ம வீடு பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். அதான் நேரா போய்… 'அக்கா எதையும் படிக்கவே மாட்டா, வெச்ச இடத்துல போட்டுக்கிட்டே போவா, தப்பு முழுக்க என்னோடது'ன்னு சொன்னேன்.

அக்கா: படிக்கவே மாட்டேன்னு.

தம்பி: உன்னைக் காப்பாத்தத்தான்…

அக்கா: அவர் என்ன சொன்னார்?

தம்பி: வேண்டாம்க்கா.

அக்கா: சொல்லு.

தம்பி: கார் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தார். துடைச்ச இடத்தையே திரும்பத் திரும்பத் துடைச்சார். 'பார்த்துட்டுப் போட்டிருந்தாங்கன்னா, ஏதோ காரணம் இருக்கும், வந்து சொல்லட்டும்னு இருந்திருப்பேன். என் பேர் கண்ணுலயே படலைன்னா…' அதுக்கு மேல சொல்லலை. துணியை உதறி மடிச்சு வெச்சுட்டு வகுப்பெடுக்கப் போயிட்டார். ஏதாவது சொல்லுக்கா. ரெண்டு அறையாவது விடு.

அக்கா: இத்தனை வருஷமா ஏன்டா சொல்லலை?

தம்பி: சொல்லலாம்னு எத்தனையோ தடவை இந்த ரூம் வரைக்கும் வந்திருக்கேன். நீ தலை நிமிராம கையெழுத்து போட்டுக்கிட்டு இருப்பே. அப்படியே திரும்பிடுவேன்.

அக்கா: ம்…

தம்பி: ஆனா நான் பொய் சொல்லலையேக்கா. நீ அன்னிக்குப் படிக்கலைதானே? அது நிஜம்தானே? அக்கா?

சாஃப்ட்வேர்காரர்: மன்னிக்கணும் மேடம், பேச்சு நீண்டுடுச்சு. எங்க விட்டோம்… ஆங், அந்தக் கட்டம். 'இருந்தாலும் தொடர்க' அழுத்தறேன். வந்துடுச்சு பாருங்க. காலியா விட்டா ஒரு அடி நகராது. சும்மா உதாரணத்துக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்க மேடம், அடிச்சுக் காட்டறேன்.

தம்பி: வேண்டாம் சார். இதையே எடுத்துக்கறோம். இன்னிக்கு இது போதும்.

அக்கா: இருடா. அவர் என்னைத்தானே கேக்கறார். இதுல எவ்வளவு எழுதலாம்?

சாஃப்ட்வேர்காரர்: எவ்வளவு வேணா மேடம். பொதுவா ஒரு வரியில முடிச்சுடுவாங்க.

அக்கா: அப்புறம் அழிக்க முடியுமா?

சாஃப்ட்வேர்காரர்: முடியாது. யார் எப்போ திறந்தாலும் இருக்கும்.

அக்கா: சரி, அடிங்க. 'பேரைப் பார்த்தேன்.'

தம்பி: அக்கா…

சாஃப்ட்வேர்காரர்: 'பேரைப்… பார்த்தேன்.' ம், சொல்லுங்க மேடம்.

அக்கா: 'இன்னிக்கு விட்டா அந்த அம்மாவுக்கு கேஸே இல்லை. எனக்கு நாளைக்கும் கல்யாணம் இருக்கும்னு நினைச்சேன்.'