வீட்டில் ஆள் இல்லை என்ற பெட்டி

பிள்ளைகளே, குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டை நேரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் நம் தெர்மோஸ்டாட்டை வாங்கிய அன்று கடையில் கேட்ட பேச்சை எழுதுகிறேன். அமெரிக்காவில், நம் ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஊரில், கடை வரிசையில் நான் அந்தப் பெட்டியோடு நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தமிழ்த் தம்பதி, அதே பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள்.

“ஏனுங்க, இந்தப் பெட்டிக்கு நான் வீட்ல இருக்கறதே தெரியலீங்க,” என்றார் அந்தப் பெண்.

“காலைல எட்டுலேருந்து ஆள் இல்லைன்னு ப்ரோக்ராம் பண்ணேன். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க,” என்றார் கணவர்.

“எட்டு மணிக்குப் போறது நீங்க. நான் எங்க போறேன்? ஹீட் இறங்கிடுது, கோட்டு போட்டுட்டு சமைக்கிறேன். இட்லி மாவு கூடப் பொங்கல.”

“பட்டனை அமுக்கிக் கூட்டிக்கலாம்ல?”

“கூட்டினா மறுநாள் மறுபடி இறங்குது. நான் இருக்கேன்னு தினமும் இதுகிட்டச் சொல்லணுங்களா?”

“மெதுவா பேசு. ரிட்டர்ன் பண்ணிடலாம்.”

“வேண்டாங்க. புஸ்தகத்தைப் படிச்சு நானே ப்ரோக்ராம் பண்றேன். நீங்க தொடக் கூடாது!”

பெட்டியைக் கணவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வரிசையை விட்டு அவர் நடந்தார்.

நீங்களும் அம்மாவும் வெளியே போயிருந்தபோது, ஒயர்களை இணைத்து நம் தெர்மோஸ்டாட்டைச் சுவரில் மாட்டினேன். ப்ரோக்ராம் மட்டும் பண்ணவில்லை. அதற்கான புத்தகத்தை, பகலெல்லாம் வீட்டில் இருக்கும் உங்கள் அம்மாவின் நாற்காலியில் வைத்தேன்.