அம்மாவின் கையும் மருந்தின் கையும்

குழாயில் தண்ணீர் வற்றிய நாளிலும் குரல் வற்றாத எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் நல்லமுத்து ஐயா அவர்களே! முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் பிள்ளைகளைத் தட்டித் தூங்கவைக்கும் தாய்மார்களே! ஜெலுத்தோங் அடுக்குமாடியின் அண்ணன்மாரே, அக்காமாரே! லிஃப்டில் 'பேய் உள்ளே, படியில் போகவும்' என்று எழுதி ஒட்டிய தனேஷ் பேசுகிறேன். வணக்கம் மட்டும் கடைசியில்தான். காரணம் இருக்கிறது.

"டேய், அது நீதானாடா?"

நானேதான், நூர் முகம்மது மாமா! அடியைக் கீழே வந்து வாங்கிக்கொள்கிறேன். இன்று சிரிக்கவைக்க வரவில்லை.

என் அப்பா கார்த்திகேசு, மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பட்டறையில் இரும்பை வளைத்தவர். இரும்பு பதிலுக்கு அவர் முதுகை வளைத்தது. வலி தாங்காமல் துடித்தவருக்கு மருத்துவர் ஓர் ஒட்டுமருந்து கொடுத்தார். தோலில் ஒட்டினால் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் இறங்கும் கடுமையான மருந்து. பார்ப்பதற்கோ, மூட்டுவலிக்கு நாம் ஒட்டும் கோயோ பிளாஸ்திரி போலவே இருந்தது! கோயோ ஒட்டுமுன் நாம் என்ன செய்வோம்?

"தைலம் தேய்ப்போம்லா!"

அதேதான், ஷஹீதா அக்கா. என் அம்மா ஜெயலெட்சுமியும் அதையே செய்தார். "லெட்சுமி, இன்னுங் கொஞ்சம் தேயேன், சொகமா இருக்கு" என்றார் அப்பா. அம்மா தேய்த்தார், ஒட்டினார், மேலே வெந்நீர்ப் பையும் வைத்தார். அப்பா தூங்கினார். விடிந்தது. அப்பா விழிக்கவில்லை.

மருந்தின் மூலக்கூறுக்கும் கை உண்டு, தெரியுமா? இடக்கை, வலக்கை போல, கண்ணாடிக்குள் தெரியும் உருவம் போல, இரண்டு வடிவம். ஒன்று உடம்போடு கைகுலுக்கும், மற்றது கைவிரிக்கும். கைகுலுக்கும் கையைத் தேர்ந்து, அளந்து, ஒட்டுக்குள் வைக்கிறார்கள். வாசலில் காவல் நிற்கும் ஜாகா, நம் தோல். கண்டவரை விடமாட்டான். ஆனால் தைலத்திலுள்ள மென்தால், தானும் ஓர் இடக்கைக்காரன், ஜாகாவை மயக்கிக் கதவைத் திறந்துவிடுவான். வெந்நீர்ச் சூடு அதை இன்னும் அகலமாக்கும். சொட்டிய மருந்து கொட்டும். கொட்டிய மருந்து மூச்சைக் கட்டும்.

இதை என் அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? மருந்துப் பெட்டியில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து சொன்னதா? கொடுத்த கை சொன்னதா? ஒருவரும் சொல்லவில்லை! ஆனால் லிஃப்டில் நீங்கள் சொன்னீர்கள்: "தேய்ச்சே கொன்னுட்டா." சிறிய பெட்டி அது, என் காதும் உள்ளேதான் இருந்தது. அன்றிலிருந்து அம்மா கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருக்கிறார். எனக்குச் சோறு பரிமாறுவது கரண்டி. கை இல்லை.

கொன்றது கையா? அந்தக் கையில் இருந்தது அன்பா, அறியாமையா? அன்பு அவருடையது. அறியாமை நம் அத்தனை பேருடையது! உங்கள் வீட்டில் மருத்துவர் தந்த ஒட்டு இருந்தால், தைலம் வேண்டாம், சூடு வேண்டாம். கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

இப்போது உங்கள் இடக்கையை வலக்கையின் முதுகில் அடுக்குங்கள். கட்டைவிரல் ஆளுக்கொரு பக்கம் போகிறதா? எதிரெதிரே சேருங்கள். பொருந்திவிட்டதா? அதன் பெயர்தான் வணக்கம். அப்படியே கடைசி வரிசைக்குத் திரும்புங்கள். அங்கே என் அம்மா.

அம்மா, கைய வெளிய எடும்மா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.

...ஒரு கை வந்துவிட்டது.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கத்தில் பாதி வந்துவிட்டது. மறுபாதி அந்த முந்தானைக்குள் இருக்கிறது. அது வரும்வரை நான் மேடையை விட்டு இறங்கப்போவதில்லை.