மூன்றாம் பதிப்பில் சரிசெய்யப்பட்டவை

பட்டியல் போடாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. கடைக்குப் போவதென்றாலும் எது பக்கம், எது தூரம், எது கனம் என்று வரிசைப்படுத்திக்கொண்டுதான் கிளம்புவேன். கனமானதைக் கடைசியில் வாங்க வேண்டும். முதலிலேயே வாங்கிவிட்டால் கடை கடையாகத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். இது அப்பா சொல்லிக் கொடுத்தது. லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர், அவருக்குத் தெரியும்.

உங்கள் மேசையில் விசாரணைக் கோப்பில் இருக்கும் திட்டப் பட்டியலும் அப்படிப் போட்டதுதான், மேடம். நாற்பத்தொரு வரிகள். முப்பத்தெட்டாவது வரியை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறீர்கள். மேலே 'மூத்தவரின் பட்டியல்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கனமானது கடைசியில்.

முதலில் ஜோடி. அது ஒரு சின்ன மென்பொருள். படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் இரண்டு பட்டியல்களை எடுத்து, எண்ணுக்கு எண் பொருத்தி, ஒன்றாக்கித் தரும். பள்ளியில் பேர்ப் பட்டியல் ஒன்றும் மதிப்பெண் பட்டியல் ஒன்றும் இருந்தால், எந்தப் பேருக்கு எந்த மதிப்பெண் என்று ஒரு நொடியில் சொல்லிவிடும். அவ்வளவுதான். காசு கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் வெளியிடுகிறவர் ஒருவர்தான். அவரைத்தான் நாங்கள் எல்லோரும் மூத்தவர் என்கிறோம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு விடுமுறையில் அவர் எழுதியது. இன்றைக்கு யார் யார் எங்கெங்கே பயன்படுத்துகிறார்கள் என்று அவருக்கே தெரியாது.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். அம்மா துணி தேய்த்துக் கொடுத்துப் படிக்க வைத்தாள். படித்து முடித்து இரண்டு வருடம் நான் ஜோடிக்கு வேலை செய்தேன், சம்பளமில்லாமல். "ஓசியில மூட்ட தூக்கறதுக்கு எதுக்கு பட்டம்? அதுக்கு எங்கூடவே வந்திருக்கலாமே, டீயாவது வாங்கிக் குடுப்பாங்க" என்பார் அப்பா. இந்தத் துறையில் அப்படித்தான் பேர் வாங்க வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். என் பேச்சை எனக்காக நம்பினார்.

பேர் வரவில்லை. கோப்பு பெரிதானால் ஜோடி திணறிப் பாதியில் நின்றுவிடும். மூன்று வாரம் உட்கார்ந்து அதைச் சரிசெய்து அனுப்பினேன். மூத்தவர் இரண்டு இடத்தில் இடைவெளியைத் திருத்திவிட்டுத் தன் பேரில் வெளியிட்டார். கேட்டேன். "பேர்ல என்னம்மா இருக்கு? இது எல்லாருக்கும் பொதுவானது. நீ உதவிக் குறிப்பெல்லாம் எழுது, உன் எழுத்து அழகா இருக்கு" என்றார். பேரில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுடைய பேர் மட்டும் எப்போதும் எங்கேயோ முதல் வரியில் இருக்கும். நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

ஒரு நேர்காணலில் இந்த வேலையைச் சொன்னேன். எதிரே இருந்தவர் கணினியைத் திருப்பிப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழே வரை தேடினார். "இதுல நீங்க எங்கம்மா இருக்கீங்க?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அன்றைக்கு அம்மாவிடம், அடுத்த வாரம் சொல்வார்களாம் என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு மூத்தவரிடம் நேராகவே பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. "சரிம்மா. மூணாவது பதிப்ப நீயே திட்டம் போடு. அதுல நீயே கண்டுபிடிச்ச பெரிய விஷயம் ஒண்ணாவது இருக்கட்டும். உன் பேர மொத வரியில போடறேன்" என்றார். நாற்பத்திரண்டு நாள் கொடுத்தார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பதிப்புகளுக்கு நடுவே அவசரத் திருத்தம் ஏதாவது வெளியானால், யார் எழுதியிருந்தாலும் அது மூத்தவர் பேரில்தான் வெளியாகும். புதிய பதிப்போடு வரும் திருத்தம், திட்டமிட்டவர் பேரில் வரும். இந்த வழக்கத்தை நான் உண்டாக்கவில்லை.

புகார்கள் முதலில் என்னிடம்தான் வரும். முதல் நாளே ஒன்று வந்தது. ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்திலிருந்து. ரத்தக் குழாயில் ஒட்டும் சீட்டில் வார்டு நோயாளிகளுக்கு ஐந்து இலக்கம், அவசரப் பிரிவுக்கு நான்கு இலக்கம். வார்டில் 00417 என்று ஒருவர், அவசரப் பிரிவில் 0417 என்று ஒருவர். ஜோடி தன்னை அதிபுத்திசாலி என்று நினைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் சுழிகளைத் தள்ளிவிடும். இரண்டு பேரும் 417 ஆகிவிடுவார்கள். கடைசியாக வந்த முடிவை இரண்டு பேருக்கும் ஒட்டிவிட்டு, வேலை சரியாக முடிந்தது என்று சொல்லும்.

பத்து நிமிடத்தில் என் கணினியில் அதை நிகழ்த்திப் பார்த்துவிட்டேன். காரணம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். திருத்தம் மூன்று வரி. இவ்வளவு வருடத்தில் மூத்தவர் கண்ணில் படாத ஒன்று. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்டியலின் மற்ற நாற்பதும் பூச்சு வேலை. எழுத்தின் நிறம், பத்தியின் ஓரம், உதவிக் குறிப்பில் எளிய வாக்கியங்கள். சுவர் எழுப்பிய வேலை இது ஒன்றுதான். அன்றைக்கே வெளியே சொல்லியிருந்தால் மறுநாள் அவசரத் திருத்தமாகப் போயிருக்கும், அவர் பேரில். அதனால் முப்பத்தெட்டாவது வரியில் 'எண் பத்தி: சிறு ஒழுங்கு' என்று எழுதினேன். புகாருக்கு, 'எங்களால் இதை நிகழ்த்திப் பார்க்க இயலவில்லை' என்று பதில் போட்டு மூடினேன்.

புகார் எழுதிய பரிசோதனைக்கூடத்து அம்மாள் விடவில்லை. உதவிப் பக்கத்தில் என் எண் இருக்கிறது, கூப்பிட்டார்.

"லேப்ல இருந்து பேசறேன்மா. நான் எழுதினத மூடிட்டீங்களே?"

"எங்ககிட்ட அப்படி வரலக்கா."

"இங்க வருதே கண்ணு. மாடியில இருக்கறவங்க சர்க்கரை கீழ இருக்கறவங்க தலையில வந்து விழுது. எங்க பெரிய டாக்டரோட தம்பி மகன் வெச்சுக் குடுத்துட்டுப் போனது இது. அவன் இப்ப எந்த நாட்டுல இருக்கானோ."

"மூணாவது பதிப்புல பாக்கறோம்க்கா. ஒரு நாப்பது நாள்."

"நாப்பது நாளா? நான் என்ன கடையா வெச்சிருக்கேன், சரக்கு இல்ல, போயிட்டு வாங்கன்னு சொல்ல?"

"அதுவரைக்கும் கண்ணால ஒரு தடவ சரி பாத்துக்குங்கக்கா."

"தெனம் நானூறு சீட்டு வருது. எனக்கு ஆண்டவன் குடுத்தது ரெண்டே கண்ணு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இனிமையாகப் பேசுகிறவர்.

பத்தொன்பதாம் நாள் மறுபடி கூப்பிட்டார். அப்போது சிரிக்கவில்லை.

"ஒரு அம்மாவுக்குத் தப்பா இன்சுலின் போட்டுட்டாங்க. வேர்த்துக் கொட்டி மயங்கிட்டாங்க. பக்கத்துல நர்ஸ் இருந்ததால பொழச்சாங்க. வேற வழியே இல்லையா? முன்னாலயோ பின்னாலயோ ஏதாச்சும் ஒண்ணு சேத்து அடிச்சா..."

"இல்லக்கா. பதிப்பு வரணும்."

அது உண்மையில்லை. கட்டளையின் முடிவில் ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்து அடித்தால் போதும், ஜோடி எண்ணை எண்ணாக எடுக்காது, எழுத்தாகவே எடுக்கும். சுழி தப்பாது. மூத்தவர் என்றைக்கோ வேறு எதற்கோ வைத்த வசதி. எந்தக் குறிப்பிலும் இல்லை. உள்ளே படித்தவர்களுக்கு மட்டும் தெரியும். தொலைபேசியில் சொல்ல ஐந்து நொடி ஆகும். ஆனால் சொல்லியிருந்தால் அந்த அக்கா நன்றி சொல்லிப் பொதுப் பக்கத்தில் எழுதியிருப்பார். அப்படிப்பட்டவர். மூத்தவர் பார்த்திருப்பார்.

முப்பத்துமூன்றாம் நாள் அதே மருத்துவமனையில் ஒரு தையல்காரர். கால் முறிந்து வந்தவர், சர்க்கரையே கிடையாதாம். தாளில் நானூற்றுச் சொச்சம் என்று இருந்தது. விரலில் குத்திப் பார்த்துவிட்டு இன்சுலின் ஊசி போட்டிருக்கலாம். சர்க்கரை பார்க்கிற கருவிக்குச் செருகும் பட்டை தீர்ந்துபோயிருந்தது என்று சொன்னார்களாம். பட்டை வாங்கி வைப்பது என் வேலையில்லை. அன்றைக்கு அக்கா ஏழு முறை கூப்பிட்டிருந்தார். நான் உதவிக் குறிப்பின் ஓரங்களை நேராக்கிக்கொண்டிருந்தேன். கவனம் சிதறினால் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அவர் இறந்த செய்தியை இரண்டு நாள் கழித்துப் படித்தேன். அளவெடுக்கும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிற படம். அன்றைக்கே வெளியிட்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். போனவர் திரும்பப் போவதில்லை. அதோடு அந்த நேரத்தில் வெளியிட்டால் பயந்துபோய்ச் செய்ததுபோல் இருக்கும். இன்னும் ஏழு நாள்தான் இருந்தது. முப்பத்தைந்து நாள் பொறுத்தவளுக்கு ஏழு நாள் பெரிதில்லை. அந்த ஏழு நாளில் இன்னும் இரண்டு பேர் போனார்கள் என்பது இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

மூன்றாம் பதிப்பு குறித்த நாளில் வெளிவந்தது. முதல் வரியில் என் பேர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. விரலைப் பிடித்துத் திரையில் வைத்துக் காட்டினேன். "இதுதானா நீ? இம்மாந்தூண்டு இருக்கே" என்றாள். ஆனால் அன்றைக்கு முழுவதும் தேய்க்கக் கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிறு கோட்டையும் எழுத்தையும் பற்றி உதவிக் குறிப்பில் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். மருத்துவமனையையே உதாரணமாகக் கொடுத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள். அந்த அக்காவைப் போன்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்று யோசித்து எழுதியது. அவருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். வருத்தம்தான்.

இப்போது நான் ஏன் வந்தேன் என்பதற்கு வருகிறேன். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. மூத்தவர் போன வாரம் உங்களிடம் வாக்குமூலமாக எழுதிக் கொடுத்தது நேற்றுப் பத்திரிகையில் வந்திருந்தது. 'பிழையை முதல் நாளே கண்டுபிடித்தவன் நான். திருத்தத்தை எழுதியவன் நான். அதை நிறுத்தி வைத்த திட்டமும் என்னுடையது. அந்தப் பெண் சின்னவள், நான் சொன்னதைத்தான் செய்தாள், அவளை விட்டுவிடுங்கள்.'

அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அழுதார். "எவ்வளவு பெரிய மனுஷன். உன்னக் காப்பாத்த அவரு தலையக் குடுக்கறாரு. வாயத் தொறக்காம இரு" என்றார். அப்பாவுக்கு இந்த ஆட்களைத் தெரியாது. அவர் செய்ததைச் சரியாகப் பாருங்கள், மேடம். கண்டுபிடித்ததும் அவராம். திருத்தியதும் அவராம். பட்டியலும் அவருடையதாம். மறுபடியும்.

அது என் பட்டியல். நாற்பத்தொரு வரியும் நான் எழுதியது. அந்த நாற்பத்திரண்டு நாளும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எனக்குத் தெரியும், அவருக்கு ஒரு நாள்கூடத் தெரியாது. தையல்காரரும் அதில் சேர்த்தி, மற்ற இரண்டு பேரும் சேர்த்தி. தாளில் மேலே இருக்கிற அவர் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? முழுப் பேரையும் எழுதிவிடுகிறேன். பத்திரிகைக்கு நீங்கள் கொடுக்கும்போது ஓர் எழுத்துகூட மாறிவிடக் கூடாது.